மண்சரிவில் மாடு செத்தது, நிவாரண மனு திரும்பி வந்துவிட்டது. என்ன செய்வது?

கேட்பவர் (ஊட்டி பக்கம்):
இரவு மழையில் மேலே இருந்த தேயிலைக்காட்டு மண் சரிந்து கொட்டகை மூடிப்போச்சு. கறவை மாடு 2, கன்று 1, கோழி 8 போய்விட்டன. விஏஓ பார்வையிட்டார், கால்நடை டாக்டர் பிரேதப் பரிசோதனை செய்தார். மனு இப்போது திரும்பி வந்திருக்கிறது: "இயற்கைச் சீற்றத்தால் இறந்ததற்கு ஆதாரம் இல்லை." சான்றிதழில் "மூச்சுத்திணறல்" என்று மட்டும்தான் இருக்கிறது. ஒரு மாட்டின் காதுவில்லை எண்ணும் மாறியிருக்கிறது.

மஞ்சூர்:
மூச்சுத்திணறல் எதனால் வந்தது என்பதுதான் வருவாய்த்துறைக்கு வேண்டும். வயிறு உப்பிச் செத்த மாட்டுக்கும் திணறல்தான், அதற்கு நிவாரணம் கிடையாது. முழு பிரேதப் பரிசோதனை அறிக்கையை வாங்கிப் படியுங்கள். மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் சேறு இருந்ததாகக் குறிப்பு இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதை வைத்து, "மண்சரிவில் புதைந்ததால் மூச்சுத்திணறி இறந்தது" என்று கூடுதல் சான்று கேட்டு டாக்டருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். வாயால் சொன்னால் நடக்காது. விஏஓ அறிக்கையில் உள்ள தேதியும் மாடுகளின் எண்ணிக்கையும் சான்றோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும்.

காதுவில்லை 12 இலக்கம். பழைய வில்லை அறுந்து புதிது போட்டிருந்தால் இந்தக் குழப்பம் வரும். டாக்டரிடம் இருக்கிற பதிவில் பழையது, புதியது இரண்டையும் பார்த்து, சான்றில் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

கோத்தகிரி:
தொகையையும் சரிபாருங்கள் அண்ணே. 2022-26 பேரிடர் நிவாரண விதிமுறைப்படி கறவை மாட்டுக்கு 37,500, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 ரூபாய். உங்கள் கணக்கு 75,000 + 20,000 + 800 = 95,800. ஒரு குடும்பத்துக்குக் கறவை மாடு 3 வரைதான்; அதற்கு மேல் செத்தாலும் கணக்கில் வராது. கோழிக்கு மொத்தம் 10,000தான் உச்சம். வீட்டோடு ஒட்டிய கொட்டகை இடிந்திருந்தால் அதற்கும் 3,000 உண்டு, நிறைய பேர் கேட்காமலே விடுகிறார்கள்.

கேட்பவர்:
நன்றி. பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது. அது தடையா?

கோத்தகிரி:
நிவாரணம் மாட்டுக்கு, நிலத்துக்கு இல்லை. மாடு உங்களுடையது என்று காட்டினால் போதும். பால் சங்க பாஸ்புக் இருந்தால் அதன் நகலையும் ரேஷன் கார்டு நகலையும் சேர்த்து வையுங்கள்.

கூடலூர்:
ஒரு எச்சரிக்கை. பணம் ஆதார் இணைத்த கணக்குக்குப் போகும். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால், கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் வரும். "வரவில்லை" என்று அலைவதில் பாதி இதுதான். எந்தக் கணக்கு என்று வங்கியில் கேட்டுவிடுங்கள்.

இங்கே புலி, சிறுத்தை அடித்த மாட்டுக்கும் இதே மனுவைக் கொடுக்கிறார்கள். அது வனத்துறை, ரேஞ்சர் அலுவலகத்தில் தனி மனு.

மஞ்சூர்:
சடலத்தைப் புதைப்பதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா? சரிவும் கொட்டகையும் சேர்ந்து தெரிய ஒன்று, காதுவில்லை எண் தெளிவாகத் தெரிய ஒன்று. இருந்தால் இரண்டையும் மறுமனுவோடு இணையுங்கள்.

கேட்பவர்:
தம்பி போனில் இருக்கிறது, சரிவுப் படத்தில் தேதியும் விழுந்திருக்கிறது. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் "மூச்சுக்குழாயில் செம்மண்" என்று இருப்பதையும் இப்போதுதான் பார்த்தேன். நாளை டாக்டரிடம் போகிறேன்.