யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு எண்ணிக்கை புரியவைக்க யோசனை வேண்டும்

வணக்கம். அரசுப் பள்ளி வளாகத்தில் யு.கே.ஜி. வகுப்பு எடுக்கிறேன். எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது என்பதால், எங்கள் பிள்ளைகளுக்கான விளையாட்டுகளை நாங்களேதான் தேடிக்கொள்கிறோம்.

வாசிப்பு பரவாயில்லை. எழுதச் சுலபமான ட, ப, ம மூன்றையும் காலையில் மணலில் எழுதுகிறார்கள். அப்புறம் படம், மடம், பட்டம் என்று கூட்டிப் படிக்கும்போது அத்தனை சந்தோஷம்!

கணக்கில்தான் சிக்கல். ஒரு குழந்தை புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஏழு வரை சரியாக எண்ணுகிறாள். “மொத்தம் எத்தனை?” என்றால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறாள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதே கொட்டைகளைத் தள்ளித்தள்ளிப் பரப்பினால் “நிறைய ஆயிடுச்சு” என்கிறார்கள் சிலர்.

பெற்றோர் 1 முதல் 100 வரை எழுதவைக்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை; ஐந்து என்றால் எவ்வளவு என்று முதலில் புரியட்டும்.

மதியத் தூக்கத்துக்கு முன் அரை மணி நேரம் கிடைக்கும். அதற்கேற்ற விளையாட்டு உங்கள் வகுப்பில் எது பலன் தந்தது? பல்லாங்குழியைக் குழிகளைக் குறைத்து இந்த வயதுக்கு ஆடவைத்தவர்கள் இருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.