36ஆவது வாரம், முதல் குழந்தை: வலி வந்தால் எனக்குத் தெரியுமா? அப்புறம் முதல் வாரம்?

நிலாமுற்றம் எழுதியது:

வணக்கம். எனக்கு இது 36ஆவது வாரம், முதல் குழந்தை. போன முறை பார்த்தபோது தலை கீழே திரும்பிவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரிக்கான பையைக் கூட எடுத்து வைத்தாகிவிட்டது. ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இதே யோசனைதான். அவ்வப்போது வயிறு கல் மாதிரி இறுகுகிறது, கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடுகிறது, வலி என்று சொல்ல முடியாது. இதுதான் பொய் வலியா? நிஜ வலி வந்தால் எனக்குத் தெரியுமா? தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிடுவேனோ, இல்லை ஒன்றுமில்லாததற்கு ஓடிப் போய்த் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இன்னொன்றைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பிரசவத்தைப் பற்றி நிறையப் படித்துவிட்டேன், குழந்தை கைக்கு வந்த பிறகு அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்ன நடக்கும் என்று ஒன்றுமே தெரியவில்லை. வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். பிறந்த குழந்தையை நான் இதுவரை தூக்கியதே இல்லை. பால் போதுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

தேன்சிட்டு எழுதியது:

தங்கச்சி, எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். நீ சொல்கிற இறுக்கம் பொய் வலி மாதிரிதான் தெரிகிறது. அதற்கு ஒரு ஒழுங்கு இருக்காது, பத்து நிமிடத்தில் ஒன்று வரும், அப்புறம் ஒரு மணி நேரம் ஒன்றும் இருக்காது. எழுந்து நாலு நடை நடந்தாலோ, திரும்பிப் படுத்தாலோ, தண்ணீர் குடித்தாலோ அடங்கிவிடும். நிஜ வலி நீ என்ன செய்தாலும் அடங்காது, நேரம் ஆக ஆக நெருங்கி வரும், ஒன்றைவிட அடுத்தது பலமாக இருக்கும். எனக்கு முதுகுக்குக் கீழே இடுப்பில் பிடித்து அப்படியே முன்பக்கம் சுற்றி வந்தது. ஆரம்பத்தில் பேசிக்கொண்டே தாங்கினேன், பிறகு வலி வந்தால் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் நின்றது, அது விட்ட பிறகுதான் மீதியைச் சொல்ல முடிந்தது. அப்போதுதான் இது நிஜம் என்று புரிந்தது.

நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரைதான் கணக்கு. 5 நிமிடத்துக்கு ஒரு தரம், ஒவ்வொன்றும் 1 நிமிடம், இப்படி 1 மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பு என்பது முதல் பிரசவத்துக்குப் பொதுவாகச் சொல்கிற கணக்கு. ஆஸ்பத்திரி தூரமென்றால் அதற்கு முன்பே கிளம்ப வேண்டும், உன் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதுதான் உனக்கு.

நான் செய்த தப்பை மட்டும் நீ செய்யாதே. முதல் பிள்ளைக்கு சாயங்காலம் லேசாக வலி எடுத்ததுமே, நடந்தால் சீக்கிரம் பிறக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி ராத்திரி முழுக்க நடந்தேன். விடிந்து பார்த்தால் கர்ப்பப்பை வாய் 3 சென்டிமீட்டர்தான் திறந்திருந்தது. முக்க வேண்டிய நேரத்தில் உடம்பில் ஒரு சொட்டுத் தெம்பு இல்லை, இரண்டு வலிக்கு நடுவில் கண் தானாக மூடியது. இரண்டாவதுக்கு அந்த ஆரம்ப நேரத்தை வேறு மாதிரி கழித்தேன். வெந்நீரில் குளித்தேன், வயிற்றுக்கு லேசாகச் சாப்பிட்டேன், விளக்கை அணைத்துவிட்டு ஒருக்களித்துப் படுத்து இரண்டு வலிக்கு நடுவில் தூங்கினேன். ஆரம்பக் கட்டம் எத்தனை மணி நேரம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஒரு நாள் கூடப் போகலாம், அதனால் சேர்த்து வைத்த தெம்புதான் கடைசியில் உதவும்.

இரவுப்பணி எழுதியது:

பிரசவ வார்டில் நர்ஸாக வேலை செய்கிறேன். தேன்சிட்டு அக்கா சொன்னது சரி. ஆனால் வலியின் நேரத்தை எண்ணிக்கொண்டு காத்திருக்கவே கூடாத சில சமயங்கள் உண்டு, அதை உங்கள் கணவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். பனிக்குடம் உடைந்தால், வலியே இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். உடைந்த நேரத்தையும் நீரின் நிறத்தையும் பார்த்து வையுங்கள், நிறமில்லாமலோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால் நல்லது, பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம், ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் வந்துவிட வேண்டும். மாதவிலக்கு மாதிரி ரத்தம் போனாலும் அப்படித்தான். 37 வாரம் முடிவதற்குள் ஒழுங்காக வலி வந்தால், விடாத தலைவலியும் கண் மங்கலும் இருந்தால், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் வாருங்கள். கடைசி மாதத்தில் இடம் போதாமல் அசைவு குறையும் என்று சொல்வார்கள், அதை நம்பாதீர்கள், அசையும் விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது. சளி மாதிரி கட்டியாக, லேசாக ரத்தம் கலந்து வந்தால் மட்டும் அவசரமில்லை, அது கர்ப்பப்பை வாயை அடைத்திருந்த சளி, அது வெளிவந்த பிறகு வலிக்கு சில நாள் கூட ஆகலாம்.

திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். பரிசோதித்து, இன்னும் நேரமிருக்கிறது என்று சொல்லி அனுப்புவது எங்களுக்குத் தினமும் நடக்கிற வேலை, அதற்காக யாரும் உங்களைத் தப்பாக நினைப்பதில்லை. தயங்கித் தயங்கி வீட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் மனசு பதறும்.

உள்ளே என்ன நடக்கும் என்றால், கர்ப்பப்பை வாய் 10 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். முதல் 5 மெதுவாகத்தான் போகும். அதற்கப்புறம் வேகம் பிடிக்கும், முதல் பிரசவத்தில் அங்கிருந்து முழுதாகத் திறக்க வழக்கமாக 12 மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. பிறகு முக்கும் கட்டம், முதல் குழந்தைக்கு அது 3 மணி நேரம் வரை போகலாம். மல்லாந்தே கிடக்க வேண்டும் என்பதில்லை, உட்காரலாம், நிற்கலாம், முட்டி போட்டுக் கட்டிலைப் பிடித்துக்கொள்ளலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், எந்த நிலையில் வலி தாங்க முடிகிறதோ அதில் இருக்கக் கேளுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக விடுங்கள். பல்லைக் கடித்தால் தோளும் இடுப்பும் சேர்ந்து இறுகும், வாயைத் தளர்வாக வைத்துத் தாழ்ந்த குரலில் முனகினால் உடம்பு இளகும். வலி குறைக்கும் ஊசி வேண்டுமென்று தோன்றினால் கேளுங்கள், கேட்பதில் தோல்வி ஒன்றும் கிடையாது.

பிறந்ததும் குழந்தையைத் துடைத்து உங்கள் வெற்று மார்பில் போடுவார்கள், தொப்புள் கொடியை 1 நிமிடமாவது கழித்து வெட்டுவது நல்லது, அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேரும். 1 நிமிடத்திலும் 5 நிமிடத்திலும் குழந்தையைப் பார்த்து ஒரு எண் சொல்வார்கள், ஆப்கார் மதிப்பெண் என்று பெயர், வர்ஜீனியா ஆப்கார் என்ற மயக்க மருந்து டாக்டர் 1952இல் உருவாக்கியது. நிறம், இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் இறுக்கம், தூண்டினால் சிணுங்குகிறதா என்று ஐந்தைப் பார்த்துத் தலா 2 வரை போடுவார்கள். 8, 9 என்று காதில் விழுந்தால், மீதி எங்கே போயிற்று என்று கவலைப்படாதீர்கள், பிறந்த முதல் நிமிடங்களில் கையும் காலும் நீலமாக இருப்பது சகஜம், அதில்தான் பெரும்பாலும் ஒரு மதிப்பெண் குறையும். தலை கொஞ்சம் நீண்டிருக்கலாம், உடம்பில் வெண்ணெய் மாதிரி வெள்ளையாக அப்பியிருக்கும், அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம், அது தோலுக்குப் பாதுகாப்பு. முதல் குளியலை 24 மணி நேரத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், சூடு இறங்காமல் இருக்கும்.

மழைநாள் எழுதியது:

நான் அப்பா. இந்தப் பதிலை உங்கள் கணவருக்குக் காட்டுங்கள்.

முதல் நாள் எங்கள் மகள் தூங்கிக்கொண்டே இருந்தாள், இவ்வளவுதானா என்று நினைத்தோம். இரண்டாம் ராத்திரி மார்பிலிருந்து எடுத்தால் அழுகை, வைத்தால் ஐந்து நிமிடம் குடித்துவிட்டுத் தூக்கம், மறுபடி எடுத்தால் அழுகை, விடியும் வரை அப்படியே. பால் இல்லை என்று முடிவே கட்டிவிட்டோம். காலையில் வந்த நர்ஸ் உட்கார வைத்துச் சொன்னார், முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால், அது சொட்டுச் சொட்டாகத்தான் வரும், குழந்தையின் வயிறும் அந்த அளவுதான், இப்படி ஓயாமல் சப்பினால்தான் பால் சுரக்க உடம்புக்குத் தகவல் போகும் என்று. நான்காம் நாள் காலை மனைவியின் சட்டை நனைந்திருந்தது. அந்த இரண்டாம் ராத்திரியைப் பற்றி யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் அவ்வளவு அழுதிருக்க மாட்டோம்.

போதுகிறதா என்று தெரிய ஒரு தாளை அலமாரிக் கதவில் ஒட்டினேன். ஒரு பக்கம் பால் குடித்த நேரம், ஒரு பக்கம் டயப்பர். 24 மணி நேரத்தில் 8லிருந்து 12 முறை குடிக்க வேண்டும். சிறுநீர் முதல் நாள் ஒரு முறையாவது, இரண்டாம் நாள் இரண்டு, இப்படி ஏறி ஐந்தாம் நாளுக்கு மேல் ஆறாவது இருக்க வேண்டும். மலம் முதலில் தார் மாதிரி கறுப்பாக ஒட்டும், மூன்றாம் நாள் வாக்கில் பச்சையாகி ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக வேண்டும். எடை முதலில் குறையும், 7 சதவீதம் வரை குறைவது சாதாரணம், 10ஐத் தொட்டால் டாக்டர் பார்க்க வேண்டும், பத்து பதினான்கு நாளில் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். அந்தத் தாளைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் பால் பற்றிய சண்டை நின்றது.

ஒரு விஷயத்தில் நான் கோட்டை விட்டேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது. மூன்றாம் நாள் முகம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது, குண்டு பல்பு வெளிச்சம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் எழுப்பினாலும் சரியாகக் குடிக்காமல் தூங்கினாள். ஜன்னலோரம் தூக்கிப் போய் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தேன், அழுத்திய இடம் வெளுக்காமல் மஞ்சளாக நின்றது, கண்ணின் வெள்ளையும் மஞ்சள். இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்தார்கள், சரியாகிவிட்டது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இது வரும், பெரும்பாலும் தானாகப் போகும், ஆனால் பகல் வெளிச்சத்தில் தினமும் பாருங்கள். முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தால், கை கால் வரை பரவினால், குழந்தை குடிக்காமல் சோர்ந்தால் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலும் அப்படித்தான், 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் ராத்திரி எந்நேரமானாலும் ஆஸ்பத்திரிதான்.

அப்புறம் கணவருக்கு வேலை இதுதான்: பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாம். டயப்பர், ஏப்பம், துணி, வருகிறவர்களை வாசலோடு பேசி அனுப்புவது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள், கெட்டியான மெத்தை, தலையணை வேண்டாம்.

ஊதாப்பூ எழுதியது:

எனக்கு 14 மணி நேர வலிக்குப் பிறகு சிசேரியன் ஆனது. அப்படியும் ஆகலாம் என்று மனசின் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளாததால் ரொம்ப நாள் ஏதோ தவறிவிட்ட மாதிரி இருந்தது. இருமும்போது தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்தால் தையல் இழுக்காது, ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. பால் எனக்கு ஐந்தாம் நாள்தான் இறங்கியது. குழந்தையின் வாய் அகலமாகத் திறக்கும் வரை காத்திருந்து, காம்பை மட்டும் கொடுக்காமல் கறுப்பு வட்டத்தின் பெரும்பகுதி உள்ளே போகிற மாதிரி குழந்தையை மார்பை நோக்கி இழுத்தால்தான் புண்ணாகாது. வலித்தால் சுண்டுவிரலை வாயோரம் விட்டுப் பிடியை விடுவித்து மறுபடி வையுங்கள்.

எந்தப் பிரசவமானாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் உதிரம் போகும். ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள் முழுதாக நனைந்தால் உடனே போக வேண்டும். மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வரும், மிகப் பல அம்மாக்களுக்கு வருவது, இரண்டு வாரத்தில் தெளியும். தெளியாமல் நீண்டாலோ, குழந்தையையோ உங்களையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று எண்ணம் வந்தாலோ யாரிடமாவது சொல்லிவிடுங்கள். எனக்கு இரண்டு மாதம் நீண்டது, சொன்ன பிறகுதான் சரியானது.

நிலாமுற்றம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 39 வாரம் 2 நாளில் மகள் பிறந்தாள். தேன்சிட்டு அக்கா, நீங்கள் சொன்னபடி இரண்டு வலிக்கு நடுவில் தூங்கினேன். வார்த்தை பாதியில் நின்றபோது கணவர்தான் நிமிர்ந்து பார்த்து "கிளம்பலாமா" என்றார். இன்று மூன்றாம் நாள், வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு சந்தேகம், டயப்பரில் செங்கல் பொடி மாதிரி ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு இருக்கிறது. ரத்தமா? கை நடுங்குகிறது.

இரவுப்பணி எழுதியது:

வாழ்த்துகள்! பெரும்பாலும் அது ரத்தம் இல்லை, சிறுநீரில் இருக்கும் உப்புப் படிகம், பால் இன்னும் முழுதாக இறங்காத முதல் இரண்டு மூன்று நாளில் நிறையக் குழந்தைகளுக்கு வரும். பெண் குழந்தை என்பதால் அம்மாவின் ஹார்மோன் குறைவதில் துளி ரத்தமோ வெள்ளையாகவோ கூட வரலாம், அதுவும் சகஜம். அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எழுப்பியாவது பால் கொடுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகும் அந்த நிறம் வந்தால், டயப்பர் எண்ணிக்கை ஏறாவிட்டால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். பத்திரமாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பரிசோதனையில் காட்டலாம்.

நிலாமுற்றம் எழுதியது:

அக்கா, இரண்டு முறை எழுப்பிக் கொடுத்தேன். இப்போதுதான் கணவர் மாற்றினார், டயப்பர் கனமாக நனைந்திருக்கிறது, நிறம் வெளிறிவிட்டது. தாளில் மூன்றாவது கோடு போட்டுவிட்டார்.