பிரேசிங் செய்தால்தான் சைக்கிளா?

பொங்கோல் பெடல்: "மடக்கு சைக்கிள்னா பிராம்ப்டன்தான், ஃபிரேமைக் கையால பிரேசிங் பண்றாங்க. வெல்டிங் பண்ண டாஹோன், டெர்ன் எல்லாம் பொம்மை"ன்னு ஒரு மகான் நேத்து இங்க தீர்ப்பு எழுதியிருக்காரு. யாரு சார் நீங்க, நீதிபதியா?

லண்டன் மடக்கி: நான்தான். பிரேசிங்னா ஸ்டீல் குழாயைப் பித்தளை உருக்கி இணைக்கிறது. இணைச்சவர் தன்னோட முத்திரையையும் குத்தி வைப்பார். உங்க டெர்ன்ல யார் முத்திரை இருக்கு?

பொங்கோல் பெடல்: எவர்சில்வர் குடத்துலகூடத்தான் பேர் வெட்டித் தர்றான். டெர்ன் ஃபிரேம் அலுமினியம், அது 660 டிகிரியிலேயே உருகிடும். பித்தளை உருக 900 வேணும். அப்புறம் எப்படி பித்தளை வச்சுப் பிரேசிங் பண்றது? அதனாலதான் வெல்டிங். இது தெரியாமலா பொம்மைன்னீங்க?

ரெண்டு சக்கரம்: பிராம்ப்டனோட டி லைன்ங்கிற மாடல் 2022ல வந்துச்சே, டைட்டானியம் ஃபிரேம். ஷெஃபீல்டுல வெல்டிங்தான் பண்றாங்க. அதுவும் பொம்மையாண்ணே?

லண்டன் மடக்கி: நான் பேசுறது ஸ்டீல்.

பொங்கோல் பெடல்: நழுவாதீங்க. டி லைன் பொம்மையா, இல்லையா?

உட்லண்ட்ஸ் அக்கா: ரெண்டு பேரும் பற்றவைப்பை விடுங்கப்பா. பிராம்ப்டனை மடிச்சா செயின் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல போயிடும். டாஹோன் மாதிரி நடுவுல மடியுற வண்டியில வெளிப்பக்கம் நிக்கும். காலையில எம்ஆர்டி ரயில்ல பக்கத்துல நின்ன பையனோட காக்கிப் பேண்ட்ல முழங்கால் வரைக்கும் கறுப்பு கிரீஸ். அவன் முறைச்ச முறைப்பு இருக்கே!

லண்டன் மடக்கி: கேட்டுக்கோங்க. ரயில்ல ஏத்தணும்னா மடிச்ச சைக்கிள் 120, 70, 40 செ.மீ.க்குள்ள இருக்கணும். பிராம்ப்டன் 58.5, 56.5, 27. உங்க இருபது இஞ்ச் சக்கர வண்டியை டேப் வச்சு அளந்துட்டு வாங்க.

பொங்கோல் பெடல்: கேட்டது வெல்டிங், பதில் டேப்! சரி, உங்க 349 மி.மீ. அளவு டயர் பஞ்சராச்சுன்னா பேட்டைக் கடையில கிடைக்குமா? குழந்தை சைக்கிளோட 16 இஞ்ச் 305, அது உங்களுக்கு ஏறாது. என்னோட 406ஐ பிஎம்எக்ஸ் ஓட்டுற பசங்ககிட்டகூட வாங்கலாம். நீங்க கொடுத்த காசுக்கு நான் ரெண்டு டாஹோன் வாங்கி, மிச்சத்துல ஹெல்மெட்டும் வாங்குவேன்.

லண்டன் மடக்கி: ரெண்டு எதுக்கு? ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணா? டேவிட் ஹான் 1982ல டாஹோன் ஆரம்பிச்சார், 2011ல மகனும் மனைவியும் பிரிஞ்சு போய் டெர்ன் தொடங்கினாங்க. குடும்பமே ஒட்டலை, ஃபிரேம் ஒட்டுமா?

உட்லண்ட்ஸ் அக்கா: அடுத்தவங்க வீட்டுச் சண்டை நமக்கெதுக்கு தம்பி?

பொங்கோல் பெடல்: வாதம் தீர்ந்தா வம்பு வந்துடும்கா. போன தடவை ஹப் கியர் (சக்கரத்தோட நடுவுக்குள்ள இருக்கிற கியர்) பத்தின விவாத இழையிலயும் இதே மாதிரிதான் கிளப்பிவிட்டு ஓடினாரு.

லண்டன் மடக்கி: ஓடலை. நீங்க கத்தின கத்தல்ல இழையைப் பூட்டிட்டாங்க.

ரெண்டு சக்கரம்: அண்ணே, அந்த டி லைன்...

லண்டன் மடக்கி: தம்பி, ஸ்டீல்னு சொன்னேன்ல?

பொங்கோல் பெடல்: நேத்து எழுதினதுல ஸ்டீல்ங்கிற வார்த்தையே இல்ல. வெல்டிங் பண்ணா பொம்மைன்னுதான் இருக்கு, போய்ப் படிங்க. திருத்தி எழுதாதீங்க, படம் எடுத்து வச்சிருக்கேன்.