மூன்று கணினிகளுக்கு மட்டும் ஐபி முகவரி வரவில்லை, 169.254 என்று காட்டுகிறது

கேள்வி:
வணக்கம். அலுவலகத்தில் 12 கணினிகள், ஒரு ரவுட்டர், ஒரு ஸ்விட்ச். திங்கள் காலையிலிருந்து மூன்று கணினிகளில் மட்டும் நெட் இல்லை. ஐபிகான்ஃபிக் (முகவரியைக் காட்டும் கட்டளை) கொடுத்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறது. முகவரியைப் புதிதாகக் கேட்க /ரென்யூ கொடுத்தால், டிஹெச்சிபி சர்வரை (கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுப்பது) தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. கேபிளை மாற்றிவிட்டேன், டிரைவரையும் மறுபடி நிறுவிவிட்டேன். மூன்று பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், தயவுசெய்து உதவுங்கள்.

பதில் 1:
169.254 என்பது ரவுட்டர் கொடுத்த முகவரி இல்லை. கேட்டுப் பார்த்து யாரும் பதில் சொல்லாததால் விண்டோஸ் தானே வைத்துக்கொண்டது. ஒரு கணினியில் கையால் 192.168.1.20 போட்டு, ரவுட்டரை பிங் செய்து (பதில் வருகிறதா என்று சோதித்து) பாருங்கள். அந்த எண்ணை வேறு எதுவும் பயன்படுத்தவில்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேட்டவர்:
போட்டேன், பிங் போகிறது, நெட்டும் வருகிறது! மூன்றுக்கும் இப்படியே வைத்துவிடலாமா?

பதில் 1:
இன்றைக்கு வேலை ஓடட்டும் என்றால் வையுங்கள். ஆனால் காரணம் அப்படியே இருக்கும். கேபிள், ஸ்விட்ச், நெட்வொர்க் கார்டு மூன்றும் நன்றாக இருக்கின்றன என்பது தெளிவாகிவிட்டது. கோளாறு முகவரி கொடுக்கும் இடத்தில்தான்.

பதில் 2:
ரவுட்டரை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள், சரியாகிவிடும்.

பதில் 3:
அவசரப்பட வேண்டாம். பல சின்ன ரவுட்டர்களில் அணைத்ததும் யாருக்கு எந்த முகவரி என்ற பட்டியலே அழிந்துவிடும். சரியானது போலத் தெரியும். அப்புறம் ஒரே முகவரி இரண்டு கணினிக்குப் போய் மோதலாம். முதலில் ஒன்று சொல்லுங்கள்: இந்த மூன்றுக்கும் பொதுவாக ஏதாவது உண்டா?

கேட்டவர்:
யோசித்துப் பார்த்தேன். இரண்டு கணினிகளின் ஆட்கள் பத்து நாள் விடுப்பில் இருந்தார்கள், திங்களன்றுதான் திறந்தோம். மூன்றாவது புதிதாக வாங்கியது.

பதில் 3:
இதுதான் நான் தேடிய தகவல். தினமும் ஓடும் கணினி, லீஸ் காலத்தில் (ஒரு முகவரியை வைத்துக்கொள்ள ரவுட்டர் தரும் கெடு) பாதி கழிந்ததுமே ரவுட்டரிடம் கேட்டு நீட்டித்துக்கொள்ளும், அதனால் அதன் இடம் போகாது. பத்து நாள் மூடிக் கிடந்தவற்றின் லீஸ் முடிந்திருக்கும்; அந்த இடத்தை வேறு யாரோ பிடித்துவிட்டார்கள். புதியதற்கு இடமே இருந்திருக்காது. ரவுட்டருக்குள் போய் டிஹெச்சிபி பக்கத்தில் பூல் (கொடுப்பதற்கு ஒதுக்கிய முகவரிகள்) எவ்வளவு, லீஸ் எவ்வளவு, பட்டியலில் எத்தனை பேர் என்று பாருங்கள்.

கேட்டவர்:
பூல் 192.168.1.100 முதல் 149 வரை. லீஸ் 7 நாள். பட்டியலில் சரியாக 50 பேர், பாதிக்கு மேல் கைபேசிகள்!

பதில் 3:
50 இடம், 50 பேர். ஒரு தடவை வந்து வைஃபையில் சேர்ந்துவிட்டுப் போனவரின் கைபேசிக்கும் 7 நாள் இடம் பிடித்து வைத்திருக்கிறது உங்கள் ரவுட்டர். பூலை 100 முதல் 230 வரை நீட்டுங்கள், லீஸை 8 மணி நேரமாகக் குறையுங்கள். நீட்டும் முன் 150க்கு மேல் பிரிண்டர், கேமரா எதற்காவது கையால் முகவரி போட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கேட்டவர்:
பிரிண்டர் 200ல் இருந்தது, அதை 30க்கு மாற்றிவிட்டேன். மூன்று கணினிகளையும் மறுபடி தானாக முகவரி வாங்கும்படி வைத்து /ரென்யூ கொடுத்தேன், 151, 152, 153 வந்துவிட்டன. மிக்க நன்றி. விருந்தினர் வைஃபையை இந்த வாரமே தனியாகப் பிரிக்கப் போகிறேன்.