வண்டியில் வந்த ஆடுகளுக்கு நான்காம் நாள்தான் கண்டம்

ஆடுகளை இறக்கிய அன்று எல்லாம் நன்றாக நிற்கின்றன என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித் தூங்கியவன்தான்.

22 கிடாக்கள், 9 மணி நேரப் பயணம். வயிறு ஒட்டிப்போய் இறங்கியவற்றைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. தொட்டி நிறைய மக்காச்சோளம் கலந்த அடர்தீவனத்தைக் கொட்டினேன். முட்டி மோதிக்கொண்டு தின்றன. மறுநாள் விடியற்காலையில் நான்கு கிடாக்கள் அசைபோடாமல் ஒதுங்கி நின்றன. இடது விலாவுக்குப் பின்னால் உள்ள குழியில் கை வைத்து அழுத்தினால் தோல்பையில் தண்ணீர் தளும்புவது போல இருந்தது. புழுக்கைக்குப் பதில் புளித்த வாடையோடு கூழாகக் கழிந்தது. பட்டினி கிடந்த வயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் குறைந்துபோயிருக்கும், அந்த நேரத்தில் தானியத்தைக் கொட்டினால் அமிலம்தான் பெருகும் என்றார் கால்நடை மருத்துவர். மூன்று பிழைத்தன, ஒன்று போய்விட்டது.

அத்தோடு விட்டதா என்றால் இல்லை. நான்காம் நாள் இருமல் தொடங்கியது. ஆட்டின் உடல்வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். இருமிய கிடாக்களுக்கு 41 காட்டியது. மூக்கிலும் தொண்டையிலும் சும்மா கிடக்கும் கிருமிகள், பயண அதிர்ச்சியில் எதிர்ப்பாற்றல் குறைந்ததும் நுரையீரலுக்கு இறங்கிவிடுகின்றன. மூக்கு ஒழுகும்வரை காத்திருந்தால் தாமதம்தான். அதற்கு முன்பே தீவனத்துக்கு ஓடிவருவதில் ஒரு சுணக்கம் தெரியும்.

இப்போது முதலில் தண்ணீர், பிறகு காய்ந்த புல், அவ்வளவுதான். அடர்தீவனம் நான்காம் நாளில் ஒரு கைப்பிடி. முழு அளவுக்கு வர இரண்டு வாரம். பழைய மந்தையோடு சேர்ப்பது ஒரு மாதம் கழித்து. தடுப்பூசி போடுவதானால் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே போட்டுவிட வேண்டும். களைத்து இறங்கிய அன்று ஊசியோடு நிற்பது வீண்.

முதல் பதில்

தண்ணீர் வைத்தால் போதாது ஐயா, குடிக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டும். என் ஆடுகள் புதுத் தொட்டியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. பழைய இடத்திலிருந்து ஒரு கேன் தண்ணீர் கொண்டுவந்து கலந்து வைத்த பிறகுதான் வாய் வைத்தன. இன்னொன்று, வண்டி ஓடும்வரை காற்று வரும். வெயிலில் நிறுத்தினால் உள்ளே அடுப்புதான். ஓட்டுநர் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில் எனக்கு இரண்டு ஆடுகள் வாயைத் திறந்து மூச்சிரைத்தன. அன்றிலிருந்து இரவுப் பயணம் மட்டும்தான்.

இரண்டாம் பதில்

நான் இறைச்சி வெட்டும் பக்கம் இருப்பவன். வழி நெடுக முட்டிக்கொண்டு வந்த கிடாவின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துபோயிருக்கும். அப்படியே அறுத்தால் இறைச்சியில் அமிலம் உண்டாக வழியில்லை. 5.5 முதல் 5.8 வரை இறங்க வேண்டிய பி.எச். (அமில அளவீடு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 6-க்கு மேலேயே நின்றுவிடும். கத்தி வைக்கும்போதே தெரியும்: கருஞ்சிவப்பு, கையில் ஒட்டும், சீக்கிரம் கெட்டும் போகும். ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். முன்பின் அறியாத ஆடுகளோடு ஒரே பட்டியில் அடைத்தால் அது ஓய்வா? இரவெல்லாம் சண்டைதான். கொம்புள்ளதையும் கொம்பில்லாததையும் ஏற்றும்போதே பிரித்துவிடுங்கள்.

எடை எவ்வளவு குறைந்தது?

பதிவிட்டவர்

25 கிலோ கிடா 23 ஆக இறங்கியது. அதில் பெரும்பகுதி வயிற்றுச் சரக்கும் நீரும். நலமாக இருந்தவற்றுக்குச் சில நாளில் திரும்பிவிட்டது. இருமியவை பழைய எடைக்கு வர ஒன்றரை மாதம் ஆயிற்று. கொம்பு விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. அடுத்த முறை வண்டியில் குறுக்குத் தட்டி கட்டிவிடுகிறேன். புதிதாக இறங்கும் ஆடுகளுக்கு முதல் 10 நாள் காலையில் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து வெப்பம் பார்க்கிறேன். அந்தத் தெர்மாமீட்டர் வாசற்படி தாண்டி உள்ளே வரக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.