'சே' வேரா, சாயவேரா?

ஈசூன் தையற்காரி:
சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு இங்கே சிங்கப்பூரில் ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகத்துக்குப் போனேன். சோழமண்டலக் கரையிலிருந்து இந்தப் பக்கம் வந்த பழந்துணிகளைப் பார்த்துவிட்டு நகர மனம் வரவில்லை. அப்படி ஒரு சிவப்பு! வீட்டுக்கு வந்து தேடினால், அந்தச் சிவப்பைத் தரும் வேரை ஆங்கிலத்தில் 'சே ரூட்' என்கிறார்கள். மகன் "டீயாம்மா?" என்று கேட்கிறான். இது எந்த மொழிச் சொல்?

நாகூர்ப் பேரன்:
நம்ம சொல்தான் அக்கா, சாயவேர். வெள்ளைக்காரர்கள் 'வேர்' என்பதை மட்டும் மொழிபெயர்த்துக்கொண்டார்கள். 'சாய' அவர்கள் வாயில் தேய்ந்து 'சாயா', 'சே' என்று ஆனது. நமக்குச் சாயம் என்றால் எல்லா நிறமும்தான். அந்தப் பொதுப்பெயரையே இந்த ஒரு வேருக்கு வைத்தார்கள் என்றால், அதற்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்க வேண்டும்!

வாப்பா அரபு ஸ்திரீட்டில் கைலி விற்றவர். புதுச் சரக்கு வந்ததும் ஈரவிரலால் தேய்த்துப் பார்ப்பார். விரல் சிவந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். சாயவேர்ச் சிவப்பு அப்படி ஒட்டாது. துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து நனைப்பார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் மட்டும் படிகாரத்தால் எழுதி, வேர் கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். படிகாரம் பட்ட இடம் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் படிந்ததெல்லாம் வெயிலில் வெளுத்துப்போகும்.

மன்னார்க்காரன்:
எங்கட கடற்கரை மணலிலயும் முளைக்கும். ஒல்லாந்தர் காலத்தில மன்னாரிலயும் யாழ்ப்பாணத்திலயும் சனத்தை ஏவி இந்த வேரைக் கிண்டுவிச்சவை. துணியின்ர அழகைச் சொல்லேக்க அந்தச் சனத்தையும் சொல்லவேணும். சித்த மருந்தில இதே செடிக்கு இம்பூறல் எண்டு பெயர்.

ஈசூன் தையற்காரி:
இவ்வளவு நல்ல சாயம் ஏன் போச்சு?

நாகூர்ப் பேரன்:
1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மன் என்ற இருவர் அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருளைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். சாயவேரில் இருப்பதும் அதே அலிசரின்தான். மலிவுச் சரக்கு வந்தபின் மணலில் குனிந்து வேர் தோண்டுவது யாருக்குக் கட்டும்?

ஈசூன் தையற்காரி:
நாளைக்குத் தேக்கா பக்கம் நாட்டு மருந்துக் கடையில் இம்பூறல் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு கைக்குட்டைக்காவது சாயம் ஏற்றி மகனுக்குக் காட்ட வேண்டும்.

மன்னார்க்காரன்:
வேராக் கேளுங்கோ அக்கா. இலையும் தண்டும் தந்தால் சிவப்பு வராது. இரண்டு வருசம் முத்தின வேரெண்டால் இன்னும் நல்லது.