பிளாக்ஸ்பாட் சொந்த வீடா?

கொள்ளிடக்கரையான்:
“எழுதுகிறவனுக்கு முகநூலே போதும், தனி இடம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் ஒரு பிளாக்ஸ்பாட் தொடங்கிக்கொள்ளட்டும், அதுவே சொந்த வீடு” என்று நெல்லைச்சீமை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 2012இல் கூகுள், தன் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாக்ஸ்பாட்டின் இந்திய வாசகர்களை பிளாக்ஸ்பாட்.காம் என்ற முகவரியிலிருந்து பிளாக்ஸ்பாட்.இன் என்ற முகவரிக்குத் திருப்பிவிட்டது. உலாவியில் தெரிந்த அந்த முகவரியையே நாமும் நகலெடுத்து, கட்டுரைகளிலும் நூல்களின் பின்னட்டையிலும் கொடுத்தோம். 2020இல் அந்தப் பெயரின் பதிவு காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போனது. எழுதியவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? சொந்த வீட்டின் கதவு எண்ணை இன்னொருவர் எப்படித் தொலைக்க முடியும்? நம் பெயரிலேயே பதிவுசெய்துகொள்ளும் இணைய முகவரியான டொமைன்தான் சொந்த வீடு என்பேன்.

நெல்லைச்சீமை:
ஓர் எழுத்துகூட அழியவில்லை. .இன் என்பதை நீக்கிவிட்டு .காம் என்று தட்டினால் அதே இடுகை, அதே பின்னூட்டங்களுடன் திறக்கிறது. 1999இல் பிறந்து இன்றும் காசு வாங்காமல் இடம் தருகிற சேவையைப் பழிக்கும் முன், நீங்கள் போற்றும் டொமைனுக்கு ஆண்டுதோறும் கட்டும் பணத்துக்கு என்ன பெயர் என்று சொல்லுங்கள். எங்கள் ஊரில் அதற்கு வாடகை என்று பெயர்.

கொள்ளிடக்கரையான்:
அழிந்தது என்று நான் எங்கே எழுதினேன்? முகவரி போயிற்று என்றேன். அச்சான பின்னட்டையில் .இன்னை அடித்து .காம் என்று யார் திருத்துவது? டொமைனுக்குப் பணம் கட்டுகிறேன், உண்மைதான். ஆனால் தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் வழங்கி (சர்வர்) ஒன்று பிடிக்காவிட்டால் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வேறு வழங்கிக்குப் போகலாம், முகவரியும் கூடவே வரும். சென்ற ஆண்டு ஒரு சமூக வலைத்தளத்திலிருந்து என் பதினோரு ஆண்டுப் பதிவுகளைத் தரவிறக்கினேன். கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் தலையில் கோடிட்ட ரோமன் எழுத்துகளாகவும் குறிகளாகவும் உடைந்து கிடந்தது. அம்மா இறந்த அன்று நான் எழுதிய பத்து வரிகளை அதிலிருந்து மீட்க, நண்பர் ஒருவர் இரண்டு இரவு உட்கார்ந்து நிரல் எழுதினார்.

கூட்டுநிரல்:
இருவரும் ஒரு புள்ளியிலேயே நிற்கிறீர்கள். பலர் தனித்தனி வழங்கிகளில் நடத்தும் சமூக வலைத்தளமாக 2016இல் வந்த மாஸ்டடானும், வெவ்வேறு தளங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக 2018இல் இணையத் தரநிலையாகப் பரிந்துரைக்கப்பட்ட ஆக்டிவிட்டிபப் நெறிமுறையும் வழியைத் திறந்துவிட்டன. வேர்ட்பிரஸ் மென்பொருளில் நடக்கும் உங்கள் தளத்தில் அதற்கான நீட்சியை (கூடுதல் நிரலை) நிறுவினால், மாஸ்டடானில் இருப்பவர் அங்கிருந்தே உங்கள் தளத்தைப் பின்தொடரலாம்.

நெல்லைச்சீமை:
அங்கே எத்தனை தமிழர் இருக்கிறார்கள்? என் தங்கையும் பள்ளித் தோழர்களும் முகநூலில் இருக்கிறார்கள், அவர்கள் படிப்பதற்காகத்தான் எழுதுகிறேன். மற்றபடி, ஓர் எழுத்துகூட அழியவில்லை என்பதற்கு இன்னும் எனக்குப் பதில் வரவில்லை.

மல்லிகைப்பந்தல்:
எழுத்துக்குக் கூலி பற்றி யாரும் பேசவில்லை. எழுதுகிறவர் வாசகரிடம் சந்தா வாங்க உதவும் தளங்களில், சப்ஸ்டாக் சந்தாவில் பத்து விழுக்காடு எடுத்துக்கொள்கிறது. கோஸ்ட் தரகு எதுவும் எடுப்பதில்லை. ஆனால் இரண்டிலுமே பணம் ஸ்ட்ரைப் என்ற இணையப் பணப்பரிமாற்ற நிறுவனம் வழியாக வர வேண்டும். அந்த நிறுவனமோ இந்தியாவில் அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டுமே புதுக் கணக்கு தருகிறது. மாதம் ஐம்பது ரூபாய் தரத் தயாராக முப்பது வாசகர்கள் இருந்தும், வாங்க எனக்கு வழியில்லை. இதைப் பேசுங்கள் ஐயா.

கொள்ளிடக்கரையான்:
அம்மா, கூலி பிறகு. முதலில் முகவரி நிலைக்கட்டும். முகவரி நிலைக்காத இடத்துக்குச் சந்தா கட்டுகிறவர் யார்? வலைப்பதிவுகளை ஓரிடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013இல் மூடப்பட்டது, கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்ற தமிழ் மடற்குழுக்கள் நடந்த யாஹூ குழுமங்கள் 2020இல் மூடப்பட்டன. இவ்வளவையும் பார்த்த பிறகும் பிளாக்ஸ்பாட்டைச் சொந்த வீடு என்று ஒருவர் சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நெல்லைச்சீமை:
உங்கள் கோபம் இன்று பிறந்ததன்று. தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டித் தந்த தமிழ்மணத்தில், இடுகைக்கு வாசகர்கள் வாக்களிக்கும் வாக்குப்பட்டை இருந்த காலத்தில் என் இடுகை ஒன்று மேலே வந்தபோது, நான் ஆள் சேர்த்து வாக்குப் போட்டதாக எழுதியவர் நீங்கள்தானே? அதை நான் மறக்கவில்லை.

கொள்ளிடக்கரையான்:
எழுதியதை இன்றும் மறுக்கவில்லை. வெளியான அரை மணி நேரத்துக்குள் ஏழு வாக்குகள் விழுந்ததை நானே கண்ணால் பார்த்தேன்.

நெல்லைச்சீமை:
ஏழு பேருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். உங்கள் தளத்தில் ஏழு பின்னூட்டம் விழுந்து எத்தனை நாளாயிற்று?

கூட்டுநிரல்:
நீட்சியைப் பற்றி யாராவது கேட்பீர்களா?

கொள்ளிடக்கரையான்:
பின்னூட்டக் கணக்கு எனக்கு வேண்டாம். 2012க்கும் 2020க்கும் இடையில் அச்சான ஏதாவது ஒரு கவிதைத் தொகுப்பை எடுத்து, பின்னட்டையில் .இன் என்று முடியும் முகவரி இருந்தால் அப்படியே தட்டிப் பாருங்கள். அதில் கவிஞரின் பக்கம் திறந்தால் நான் எழுதியது அத்தனையும் தவறு.

நெல்லைச்சீமை:
.காம் என்று தட்டுங்கள், திறக்கும்.